வீட்டுக்கு ஒரு டைப்ரைட்டர்

அப்பா பக்கவாதத்தில் படுத்ததும், துறைமுகத்துக் கப்பல் ஏஜென்சியில் பார்த்த டைப்பிஸ்ட் வேலையை விட்டேன். வீட்டிலிருந்தே அடித்துத் தரலாம் என்றார் மேனேஜர். மிஷின் வாங்கக் கடைக்குப் போனேன். எங்களுக்கு இருந்தது ஒரே அறை. அப்பா கண் அயர்வதே அபூர்வம்.

“அண்ணாச்சி, இதுல எது சத்தம் கம்மி?”

“எல்லாமே சத்தம் போடத்தான் செய்யும்மா. தட்டிப் பாரு.”

ஐந்து மிஷின்களைத் தட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் நெஞ்சில் இடித்தது. கடைசியில் சின்னதாக ஒன்றை எடுத்துவந்து, அடியில் போர்வையை மடித்துப் போட்டு, மறுநாள் காலை ஒரு வரி அடித்தேன். அப்பா விழித்துவிட்டார். சட்டென்று கையை எடுத்தேன்.

“ஏளா, ஏன் நிறுத்திட்ட?” என்றார் குழறலாக. “சத்தம் கேட்டாத்தான் நீ இங்கன இருக்கன்னு தெரியுது.”

அன்று மதியம்வரை அடித்தேன், நிறையப் பிழைகளோடு.