வாடிக்கையாளரிடம் வாய் திறக்கக் கூடாது

பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற அந்த மனிதருக்குப் பொறுமையெல்லாம் சாலையோடு சரி. காகிதத்தைக் கண்டால் கையெழுத்துப் போடும் இடம் எங்கே என்று மட்டும்தான் தேடுவார். பழைய கார்களைப் புதுப்பித்துத் தரும் பட்டறையில் பதினோரு பக்க ஒப்பந்தத்தை நீட்டியபோதும் அப்படித்தான் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்.

அவர் மனைவி தையற்காரி. வீட்டில் உட்கார்ந்து அதை வரி விடாமல் படித்தாள். வேலை முடியும்வரை வாடிக்கையாளர் பட்டறைக்குள் வரக் கூடாது. நடுவில் வண்டியைத் திரும்பக் கேட்கக் கூடாது. எப்போது முடியும் என்பதைப் பட்டறையே தீர்மானிக்கும்.

“பொண்ணக் கட்டிக் குடுத்தாக்கூட நெனச்சப்ப போய்ப் பாத்துட்டு வரலாம். இது அதுக்கும் மேல இருக்கே!” என்றாள்.

அவர் முகம் சுண்டிப்போனது. அவருடைய கண்ணில் பார்வை ஓரத்திலிருந்து மெல்ல மங்கிக்கொண்டு வந்தது. ஒரு வருடம், மிஞ்சினால் ஒன்றரை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த தன் காரை அதற்குள் முழுசாக ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அதைப் பட்டறையில் சொல்லி இரக்கம் கேட்க அவருக்கு மனம் வரவில்லை.

மூன்று மாதம் போயிற்று. ஒருநாள் அந்தத் தெரு வழியாக வந்த தையற்காரி, ‘இருக்கை தைக்க ஆள் தேவை’ என்று பட்டறைக் கதவில் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். சட்டென்று உள்ளே நுழைந்துவிட்டாள். முதலாளி அவள் மகள் வயதுக்காரன். ஒரு தோல் துண்டைக் கொடுத்துத் தைக்கச் சொன்னான். தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு இரண்டு பக்க ஒப்பந்தத்தை எடுத்து வைத்தான்.

பட்டறையில் நடக்கும் எந்த வேலையைப் பற்றியும் வாடிக்கையாளரிடம் வாய் திறக்கக் கூடாது. படம் எடுக்கக் கூடாது.

“சம்மதமாம்மா?”

“சம்மதம் தம்பி.” வாடிக்கையாளர்களில் யாராவது அவளுக்கு வேண்டியவரா என்று அவன் கேட்கவுமில்லை, ஒருவர் தன் வீட்டுக்காரர் என்று அவள் சொல்லவுமில்லை.

அன்று சாயங்காலம், வேலை கிடைத்த சேதியைக் கேட்டதும் அவர் அவளை வாசலிலேயே மறித்துக்கொண்டார். “பாத்தியா? எப்படி இருக்கு?”

“சொல்லக் கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்கேன்.”

“புருஷன்கிட்டகூடவா?”

“நீங்க வாடிக்கையாளர்.”

அவர் கோபித்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தார். ஆனால் மறுநாளிலிருந்து வேறு வழி கண்டுபிடித்தார். அவள் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணருகே வைத்துப் பார்ப்பார். “பழுப்பு நூலு. அப்ப சீட்டு பழுப்பு!” அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். அவள் விரல் நுனியைத் தடவி, “தோல் நல்ல கனம் போல, ஊசி ஏறல,” என்பார். புடவையை முகர்ந்து, “இன்னிக்கு வண்டிக்குப் பெயின்ட் அடிச்சிருக்காங்க,” என்பார். பாதி தப்பு. அன்று பெயின்ட் அடித்தது வேறு யாரோ ஒருவருடைய காருக்கு. அதையும் அவள் சொல்லவில்லை. முப்பது வருட இல்வாழ்க்கையில் அவர் இவ்வளவு அக்கறையாக அவள் கையைப் பிடித்துப் பார்த்தது கிடையாது. அவளும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் காலையில் அவர் தேநீர்க் குவளையை மேசை விளிம்புக்கு வெளியே வைத்தார். அது விழுந்து உடைந்தது. அவள் குனிந்து சில்லுகளைப் பொறுக்கினாள். அன்று பட்டறைக்குப் போனதும் அவள் ஊசியைத் தொடவில்லை. நேராக முதலாளியிடம் போனாள்.

“தம்பி, அந்தப் பழைய காரோட சொந்தக்காரர் என் வீட்டுக்காரர். நான் அவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. ஆனா அவருக்குக் கண்ணு போய்க்கிட்டிருக்கு. என்னை நீக்குறதுன்னா நீக்கிடு. அவரை ஒருதடவ பாக்க விடு.”

“ஆரம்பத்துல ஒருத்தர் தினம் வந்து நின்னு, அது சரியில்ல இது சரியில்லன்னு ஆளுங்கள அழ வச்சார். அதுக்கப்புறம்தான் இப்படி எழுதினேன்மா,” என்றான். பிறகு எழுந்தான். “பட்டறைக்குள்ள வரக் கூடாதுன்னுதானே இருக்கு? தெருவப் பத்தி ஒண்ணும் எழுதலையே.”

நண்பகல் வெயிலில் நான்கு பேர் சேர்ந்து காரைத் தெருவுக்குத் தள்ளினார்கள். கதவில்லை, விளக்கில்லை, உடம்பெல்லாம் சாம்பல் நிறப் பூச்சு. அவர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, முன்னும் பின்னுமாக நடந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்தார்.

“மொட்டை போட்ட பிள்ளை மாதிரி இருக்கு,” என்று சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வேலை முழுதும் முடிய இன்னும் எட்டு மாதம் ஆயிற்று. அதற்குள் அவருக்கு நிழலும் வெளிச்சமும்தான் மிஞ்சியிருந்தன. அவளை முதலாளி நீக்கவில்லை. வண்டியை எடுக்க மகள் வந்தாள். அப்பாவுக்காக முன்கதவைத் திறந்துவிட்டாள்.

“வேணாம்மா. காலம் பூரா முன்னாடியே உக்காந்தாச்சு,” என்று அவர் பின்னிருக்கைக்குத் தடவிப் போனார். “உங்கம்மாவ எத்தனையோ ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருக்கேன். ஒருநாளும் பக்கத்துல உக்காந்து போனதில்ல.”

பின்னிருக்கையில் இருந்த தையற்காரி நகர்ந்து இடம் விட்டாள். மகள் வண்டியைக் கிளப்பினாள். போகும் வழியெல்லாம் வெளியே என்னென்ன தெரிகிறது என்று அவர் கேட்டுக்கொண்டே வந்தார். மனைவி ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள்.