பவாய் ஏரிக்கரை வழி

அந்த வருடம் எங்கள் டிராயிங் ஆபீசில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. டிராஃப்ட்ஸ்மன் நாற்காலி, சொந்தமாகப் படம் வரைபவருடையது. அதற்கு இரண்டு பேர் காத்திருந்தோம். ஒருத்தி நான். மற்றவர் மாதுங்காவிலிருந்து வரும் மூத்த டிரேசர். எனக்கு டிப்ளமோ இருந்தது, அவருக்கு எட்டு வருட சர்வீஸ் இருந்தது.

மற்றவர்கள் பென்சிலில் போட்ட படத்தின் மேல் டிரேசிங் துணியை விரித்து, மையால் நகலெடுப்பதுதான் டிரேசர் வேலை. படத்தின் வலது மூலையில் ஒரு கட்டம் உண்டு. அதில் வரைந்தவர் இன்னார், சரிபார்த்தவர் இன்னார் என்று பெயரின் முதலெழுத்துகள் இருக்கும். டிரேசர் கையெழுத்துக்கு அங்கே இடமில்லை. இரண்டு வருடமாக அந்தக் கட்டத்தில் பிறர் எழுத்துகளை நகலெடுத்துக்கொண்டிருந்தவள் நான். அதில் ஒருமுறையாவது என் எழுத்து வர வேண்டும் என்பதைத் தவிர அப்போது வேறு ஆசை எனக்கு இருந்ததாக நினைவில்லை.

எங்கள் சீஃப் ஒரு பார்சிக்காரர், சைக்கிள் பைத்தியம். மே மாதத்தில் ஒருநாள் எல்லோரையும் கூப்பிட்டு, மழைக்காலம் முடிந்ததும் ஒரு ஞாயிறு செக்‌ஷன் முழுக்க சைக்கிளில் போகிறோம் என்றார். சயனில் கிளம்பி, விக்ரோலி வழியாகப் பவாய் ஏரி, பிறகு விஹார் ஏரிப் பக்கத்துக் காடு. ரேஸ் கிடையாது, நின்று நின்று பார்த்துக்கொண்டு போக வேண்டும். அதற்கு வழியைக் காட்டும் ஒரு சார்ட் வேண்டும்.

"நல்ல சார்ட் போடத் தெரிந்தவர் டிரேசராகவே இருக்க வேண்டும் என்பதில்லை" என்று சொல்லிவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார்.

அந்த மாதம் மூன்று ஞாயிறு நான் சைக்கிளில் அலைந்தேன். எங்கள் வீடு தாராவியில். அப்பா தோல் பட்டறையில் வேலை பார்த்தார். சயனில் ஒரு கடையில் லேடீஸ் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். செம்பூரில் ஒரு லேபில் வேலை பார்த்த என் தோழியும் கூட வந்தாள். எல்லாச் சைக்கிளும் இருபத்தெட்டு அங்குலச் சக்கரம். அது எழுநூற்று இருபது தடவை சுற்றினால் கிட்டத்தட்ட சரியாக ஒரு மைல். முன்சக்கரத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டு, தோழி எண்ணுவாள். ஒவ்வொரு நூறுக்கும் கத்துவாள். நான் நின்று நோட்டில் குறிப்பேன்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "ஏளா, ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போவாம சக்கரத்த எண்ணப் போறியாக்கும்?"

"காலப் பூசைக்குப் போயிட்டுத்தாம்மா போறேன்."

"சேசுவே, காட்டுக்குள்ள பொட்டப்புள்ளைக்கு என்ன சோலி?"

சோலி நிறைய இருந்தது. விக்ரோலி தாண்டியதும் பஸ் சத்தம் போய்விடும். ஏரிக்கரையில் எருமைகள் தண்ணீரில் மூக்கை மட்டும் காட்டிக்கொண்டு கிடக்கும். "எழுநூறு!" என்று கத்தின தோழி உடனே, "ஏய், எரும குறுக்க வந்துட்டு. சக்கரம் பின்னால போச்சே, அதக் கழிக்கணுமா?" என்பாள். கழிக்க வேண்டும் என்று சொல்வேன். என்னைத் திட்டிக்கொண்டே கழிப்பாள். காட்டுப் பாதையில் தேக்கு இலைகள் சக்கரத்தின் கீழே அப்பளம்போல் நொறுங்கும். நிழல் உள்ள இடம், குடிக்கத் தண்ணீர் உள்ள இடம், இறங்கித் தள்ள வேண்டிய மேடு, டீக்கடை, தவறிப்போகக்கூடிய பிரிவு என்று எல்லாவற்றையும் நோட்டில் வரிசையாக எழுதினேன்.

பவாயில் இரண்டு வழி இருந்தது. ஒன்று மேட்டுச் சாலை. மற்றது ஏரிக்கரையை ஒட்டிய மண் வழி. மே மாதத்தில் ஏரி வற்றி உள்வாங்கியிருந்ததால் மண் வழி பலகைபோல் கெட்டியாக இருந்தது. அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்தவரிடம் விசாரித்தேன். மழை தொடங்கினால் மார்கழி வரைக்கும் அந்த வழி தண்ணீருக்கு அடியில் என்றார்.

ஜூனில் சார்ட்டை மையில் முடித்தேன். பவாயின் இரண்டு வழியும் அதில் இருந்தன; பெயர்கள், தூரங்கள் எல்லாம் இங்கிலீஷில். குறிப்புகளை மட்டும் என் வசதிக்காக இடது ஓரத்தில் தமிழில் எழுதி வைத்திருந்தேன். பைண்டிங்குக்காக ஒன்றரை அங்குலம் விடுவோமே, அந்த ஓரம். கடைசியில் அவற்றை இங்கிலீஷில் உள்ளே எழுதிவிட்டு, வலது மூலைக் கட்டத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். கட்டத்தில் என் இரண்டெழுத்தை மட்டும் முன்கூட்டியே போட்டுவிட்டேன். பொறுக்க முடியவில்லை.

மத்தியானம் மூத்த டிரேசர் என் மேசைக்கு வந்தார்.

"என்ன சிஸ்டர், முடிஞ்சுடுத்தா? பேஷ். சீஃப் இன்னிக்கே கேக்கறார். கொடு, நான் உள்ள போறச்ச கொடுத்துடறேன்."

"குறிப்பு இன்னும் மாத்தலை சார். ஒரு மணி நேரம் ஆகும்."

"அதெல்லாம் அப்புறம் போட்டுக்கலாம். நீ எதுக்கு கேபினுக்கெல்லாம் போயிண்டு, வந்துண்டு? என்கிட்ட கொடும்மா."

கொடுத்தேன். அந்த முட்டாள்தனத்துக்கு நானே பொறுப்பு. துணியைத் திரும்பக் கேட்டபோதெல்லாம் சீஃபிடம் இருக்கிறது என்றார்.

ஆகஸ்டில் அதன் நகல், அம்மோனியா பிரிண்ட், நோட்டீஸ் போர்டில் வந்தது. வரைந்தவர் கட்டத்தில் அவருடைய மூன்றெழுத்து. சீஃப் முதுகில் தட்டிக்கொடுத்தாராம், ஆபீஸ் முழுக்கப் பேச்சு. எல்லோரும் டீக்குப் போன நேரத்தில் படப் பெட்டியைத் திறந்து மூலத் துணியை எடுத்துப் பார்த்தேன். பிளேடால் இரண்டு இடத்தில் சுரண்டியிருந்தார். ஒன்று கட்டத்தில், என் எழுத்து. மற்றது இடது ஓரத்தில், என் குறிப்புகள் மொத்தமும். சுரண்டின இடத்தில் துணியின் பசை போய்விட்டதால் அவர் எழுதிய மை மீசைபோல் பரவியிருந்தது. நல்ல டிரேசர் இப்படிச் சுரண்டமாட்டார்.

கத்தலாம், சீஃபிடம் போகலாம், அம்மாவிடம் சொல்லி அழலாம் என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது. அந்தக் குறிப்புகளில் என்ன இருந்தது என்றே தெரியாமல் அவர் சுரண்டியிருக்கிறார். மாதுங்காவில் பிறந்து வளர்ந்தவர், தமிழ் பேசுவார், படிக்க வராது. ஊரிலிருந்து மாமனார் கடிதம் வந்தால் டெஸ்பாட்ச் கிளார்க்கிடம் கொடுத்துத்தான் படித்துக்கேட்பார். ஏரிக்கரை வழி அவருடைய சார்ட்டில் தொடர்ச்சியான கோடாக, தூரத்தோடு, அழகாக நின்றது. அது மழைக்காலத்தில் இருக்காது என்று அங்கே எங்கும் இல்லை.

துணியைப் பழையபடி சுருட்டி உள்ளே வைத்தேன்.  அன்றிலிருந்து அந்த ஞாயிறுவரை அவருக்கு தினமும் குட்மார்னிங் சொன்னேன்.

கணபதி பண்டிகை முடிந்த அடுத்த ஞாயிறு கிளம்பினோம். சீஃபின் மனைவியும் சைக்கிளில் வந்ததால்தான் வீட்டில் என்னை விட்டார்கள். ஒன்பது பேர். சார்ட் போட்டவர் என்பதால் மூத்த டிரேசர் முன்னால். புது வெள்ளைக் கான்வாஸ் ஷூ, இஸ்திரி போட்ட பேண்ட், நெஞ்சில் மடித்த பிரிண்ட். அந்தப் பக்கம் அவர் ஒருநாளும் போனதில்லை என்பது பிரிவுகளில் தெரிந்தது. ஒவ்வொரு பிரிவிலும் இறங்கி ஷூ லேசைக் கட்டுகிறமாதிரி குனிந்து பிரிண்டைப் பார்ப்பார்.

"உன் லேஸ் ரொம்ப நீளமோ?" என்று சீஃப் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் கடைசியில், சீஃபின் மனைவியோடு மெதுவாக மிதித்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் பச்சை. நனைந்த புல் வாசனை. மே மாதத்தில் செம்மண்ணாகக் கிடந்த மேடுகளில் மஞ்சள் பூ விரிந்திருந்தது. அந்த அம்மாள் ஒவ்வொரு பறவையையும் நின்று பார்த்தார். எனக்கும் அவசரமில்லை.

பவாய் பிரிவு வந்தது. மேட்டுச் சாலை இடது பக்கம், மண் வழி வலது பக்கம். அவர் குனிந்தார், பார்த்தார், நிமிர்ந்தார்.

"ரைட் சார். லேக் வியூ பிரமாதமா இருக்கும்."

ஒரு வார்த்தை போதும் என்று எனக்குத் தெரியும். அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன். மனது சரியாக இல்லாமல் செய்ததல்ல இது. நிதானமாக, தெரிந்து செய்தேன்.

முதல் இருநூறு அடி புல். அதற்குப் பிறகு புல் மாதிரித் தெரிந்தது புல் இல்லை, தண்ணீர் மேல் மிதந்த பாசி. அவர் முன்சக்கரம் அப்படியே உள்ளே இறங்கியது. சைக்கிள் நின்றது, அவர் நிற்கவில்லை. பின்னால் வந்த சீஃப் பிரேக் பிடித்து வழுக்கி, இடுப்புவரை சேற்றில் உட்கார்ந்தார். தோளில் மாட்டியிருந்த தெர்மாஸ் உடைந்து டீ ஒழுகியது.

யாரோ ஒருவர், "பத்திரம், இந்த ஏரியில முதலை இருக்குன்னு சொல்றாங்க" என்றதும் மூத்த டிரேசர் நாலு காலில் கரையேறினார். சீஃபின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். நான் பொத்தவில்லை. சிரிக்கவும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றையும் விட்டுவிடாமல்.

"நீ இந்த வழியில் வந்து பார்த்தாயா, இல்லையா?" என்றார் சீஃப், மூத்த டிரேசரிடம்.

"வந்தேன் சார். மே மாசம் காஞ்சு கிடந்தது."

"அதை ஏன் எழுதவில்லை?"

அவர் நனைந்த பிரிண்டை நெஞ்சுப் பையிலிருந்து எடுத்தார். சீஃப் அவர் கையிலிருந்த பிரிண்டைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தார். இடது ஓரத்தில் சுரண்டின இடம் பிரிண்டில் புகைபோல் படிந்திருந்தது. அந்தப் புகைக்குள் என் எழுத்துகள் மங்கலாக நின்றன. பிளேடு ஆழமாகப் போகவில்லை.

"இது உங்கள் மதராஸி எழுத்துதானே? என்ன எழுதியிருக்கிறாய்? படி."

அவர் பிரிண்டை வாங்கினார். கண்ணுக்குக் கிட்டே வைத்தார், தள்ளி வைத்தார். காதுப் பக்கம் சேறு வழிந்தது.

"ஏதோ பழசு சார். தேவையில்லாதது."

"உன் எழுத்தை உன்னால் படிக்க முடியாதா?"

நான் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினேன். நடந்து போய்க் கையை நீட்டினேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. கொடுக்காமல் இருக்க அவருக்கு வழியில்லை. முதலில் தமிழில், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிறமாதிரி ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன்.

"ஜூன் முதல் டிசம்பர் வரை கரை வழி தண்ணீருக்கு அடியில். மேட்டுச் சாலையில் போகவும்."

பிறகு இங்கிலீஷில் சொன்னேன். கீழே இருந்த மற்றக் குறிப்புகளையும், டீக்கடைவரைக்கும், யாரும் கேட்காமலே படித்தேன்.

 சீஃபுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் நான் எதிர்பார்த்த மாதிரி அவர் அந்த ஆள் பக்கம் திரும்பவில்லை, என் பக்கம் திரும்பினார்.

"காலையில் கிளம்பும்போதே உனக்கு இது தெரியும்."

"தெரியும் சார்."

"இந்தப் பிரிவில் நின்றபோதும்?"

"தெரியும்."

"சொல்லவில்லை."

"சார்ட் என்னுடையது இல்லையே சார்."

சீஃப் தன் ஷூவிலிருந்து தண்ணீரைக் கொட்டினார். மேட்டுச் சாலைக்குத் திரும்பினோம். இனி நீயே முன்னால் போ என்று மட்டும் சொன்னார். நான் முன்னால் போனேன். காட்டுக்குள் நிழல் உள்ள இடங்களில் நிறுத்தினேன், மேடுகளில் இறங்கித் தள்ளச் சொன்னேன், ஒரு பிரிவும் தவறவில்லை. விஹார் பக்கத்து மரங்களில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அன்று அந்தக் காடு முழுக்க என்னுடையது என்று தோன்றியது. முன்சக்கரம் கோணிப்போன சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மூத்த டிரேசர் எல்லோருக்கும் பின்னால் வந்தார். டீக்கடையில்தான் எட்டிப்பிடித்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, சிஸ்டர்" என்றார், மெல்லிய குரலில்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, சார்."

அவருக்கு டீ வருமுன்பே நான் கிளம்பச் சொன்னேன்.

திங்கட்கிழமை சீஃப் என்னைக் கேபினுக்குக் கூப்பிட்டார். மூலத் துணி மேசைமேல் விரிந்து கிடந்தது. திருட்டைப் பற்றி அவருக்குச் சந்தேகம் இல்லை. அந்த ஆளை ரெக்கார்ட் ரூமுக்கு மாற்றியாகிவிட்டது, இனி பேனா அவர் கைக்கு வராது. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. பிறகு சொன்னார்: தப்பு எங்கே என்று தெரிந்தும் எட்டு பேரைத் தண்ணீருக்குள் போகவிட்டவளிடம் ஒரு பாலத்தின் படத்தை எப்படி நம்பிக் கொடுப்பது? நாற்காலிக்கு வெளியிலிருந்து ஆள் வருகிறார். நீ அடுத்த வருடம் கேள்.

அவர் சொன்னது நியாயம்தான். அப்போதும் அப்படித்தான் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது. ஆனாலும் அந்தப் பிரிவில் மறுபடி நின்றால் மறுபடி வாயைத் திறக்கமாட்டேன். அந்த நாற்காலி எனக்குக் கிடைக்கவில்லை. மூத்த டிரேசருக்கும் கிடைக்கவில்லை. கேபினைவிட்டு வெளியே வந்தபோது அவர் தன் டி-ஸ்கொயரையும் மைப்புட்டிகளையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். கதவை அவருக்காகத் திறந்து பிடித்தேன். அவர் கடைசிப் படி இறங்கும்வரை அங்கேயே நின்று பார்த்தேன்.