சுந்தரபாண்டியனின் நாக்கு

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் உப்பு கரைத்தது. நான் உப்பைக் கொட்டினேன். அவர் கிளறினார். கிளறியதைவிட நக்கியது அதிகம்.

“ஏட்டி, போதும். கடலு வந்துட்டு.”

உப்பின் அளவு காட்டும் கருவியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். கடல்நீர் என்றால் முப்பத்தைந்து காட்ட வேண்டும். “இருபத்தொண்ணுதான் இருக்குப்பா.”

“இன்னும் போட்டா மீனு ஊறுகா ஆயிரும். ஒம் மிசினுக்கு நாக்கு உண்டா?”

அப்பா சுந்தரபாண்டியன், போலீஸில் சிறப்பு எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்று மேலகரத்தில் வீடு கட்டியவர். கடல்மீன் தொட்டி கேட்டது மீன் மேலுள்ள ஆசையால் அல்ல. ஓய்வு பெற்ற டி.எஸ்.பி. ஒருவர் வீட்டில் அது இருந்தது. பணியில் கிடைக்காத பதவியை இரண்டு கோமாளி மீன்களை வைத்து வாங்கிவிடலாம் என்று நம்பினார்.

முதலில் குற்றாலத்திலிருந்து இரண்டு கேன் அருவி நீர் கொண்டுவந்தார். மூலிகைத் தண்ணீராம், மீனுக்கு நோயே வராதாம். ஊர் முழுக்க எண்ணெயும் ஷாம்பூவும் கழுவிய தண்ணீர். வாழைக்கு ஊற்றிவிட்டு ஆர்.ஓ. தண்ணீர் வாங்கினேன். கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் ஆலையில் நான் பொறியாளர். அது அவருக்கு ஒரு தகுதியாகவே படவில்லை.

நாக்கின் கதை வேறு. இதயத்துக்காக மருத்துவர் உப்பை நிறுத்தி இரண்டு வருடம். பட்டினி கிடந்த நாக்குக்குச் சிட்டிகை உப்பும் கடல். அளவு பார்க்கிற சாக்கில் விரல் விரலாகத் தின்றார்.

“சோத்துல இல்லாதத டிரம்முல தேடுதாரு,” என்றாள் அம்மா.

“செந்தூருல சூரசம்ஹார டியூட்டியில அலை வாய்க்குள்ள அடிச்சிருக்கு. அந்த ருசி எனக்குத் தெரியாதா?”

“அது எந்தக் காலம்? நக்காதிய,” என்றாள் அம்மா மறுபடியும்.

“சனிக்கிழமை பஸ் ஏறுதேன். ஒரு பாட்டில் கடல மோந்துட்டு வாரேன். ஒம் மிசின அதுல வச்சுப் பாரு. முப்பத்தஞ்சு காட்டலன்னா மிசின வாய்க்கால்ல வீசிரணும்.”

“காட்டுச்சுன்னா?”

“காட்டாது.”

விசாரணைக்கு முன்பே தீர்ப்பு. ஸ்டேஷனிலும் இப்படித்தான் இருந்திருப்பார்.

வெள்ளிக்கிழமை மாலை, டி.வி. முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். இதயம்தான்.

துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டு அய்யாக்குட்டி, “வருசம் தவறாம அருவியில குளிச்ச ஒடம்பு, எப்படித் தாயி போச்சு?” என்றார். இதயக் குழாய்க்குள் எந்த அருவியும் விழுவதில்லை. அதை அவரிடம் சொல்லிப் பயனில்லை.

உப்பை முப்பத்தைந்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். டிரம்முக்குள் பம்ப் ஓடுகிறது. ஊறுகாய் என்று சொல்ல ஆளில்லை.

வாசல் ஆணியில் அவருடைய மஞ்சள் பை தொங்குகிறது. உள்ளே லேபிளை உரித்துக் காயவைத்த ஒரு பாட்டில். குழாய்த் தண்ணீரில் கழுவினால் அளவு மாறும் என்று நான் சொல்லியிருந்தேன். அதனால் ஆர்.ஓ. தண்ணீரில்தான் அலசினாராம், அம்மா சொல்கிறாள். அதைத்தான் அவர் சனிக்கிழமை திருச்செந்தூர்க் கடலில் முக்கி எடுத்து வருவதாக இருந்தார்.