ஆறரை மணிக்குப் பூட்டும் விடுதி

பெண்கள் விடுதியில் வழிகாட்டி ஆசிரியையாக இருப்பவருக்கு அறிவியல் தெரிந்திருந்தால் நல்லதுதான். ஆனால் அவருக்கு முக்கியமாக வேண்டியது சார்ஜ் குறையாத ஒரு கைபேசி. இதே வேலையில் மாட்டிக்கொண்டிருக்கும் சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தஞ்சாவூருக்கு வெளியே இருக்கும் எங்கள் பல்கலைக்கழகத்தில், அறிவியல் படிக்கும் பெண்களை ஒரே மாடியில் தங்கவைத்திருக்கிறோம். தாவரவியல்காரிக்கு வேதியியல்காரி சொல்லித்தருவாள். இருவருக்கும் கணக்குக்காரி சொல்லித்தருவாள். கூடிப் படித்தால் யாரும் பாதியில் நிற்கமாட்டார்கள் என்பது திட்டம். நானும் அதே மாடியில்தான் குடியிருக்கிறேன்.

டூட்டி முடிந்த செல்கள்

ஆய்வுக்கூடக் கருவிகள் பகல் முழுக்க ஆராய்ச்சி மாணவர்களிடம் இருக்கும். எம்.எஸ்சி. பெண்களின் முறை வர மாலை ஐந்தாகிவிடும். கருவி சூடாகி முதல் அளவு எடுக்கும்போது ஆறரை மணி, அதாவது விடுதிக் கதவைப் பூட்டும் நேரம். பையன்கள் விடுதிக்கும் கதவு உண்டு. அதைப் பூட்டி நான் பார்த்ததில்லை.

முதலில் முறையிட்டவள் இளவரசி. திருவாரூர் பக்கத்துக் கிராமம். தாவரவியல் இரண்டாம் ஆண்டு. உப்பேறிய தண்ணீரில் எந்த நெல் ரகம் தாக்குப்பிடிக்கும் என்பது அவள் ஆய்வு. கதவை எட்டு மணிக்குப் பூட்டலாமே என்று விடுதிக் குழுவிடம் கேட்டேன். குழுத் தலைவர் உயிரியல் பேராசிரியர். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "செடியோட செல்லெல்லாம் அஞ்சு மணிக்கு டூட்டி முடிச்சிட்டுப் போற மாதிரி ஒரு தலைப்பா எடுத்துக்கச் சொல்லுங்களேன், மேடம்."

டீ கப் நாற்று

கதவு திறக்காததால் ஆய்வே விடுதிக்கு வந்துவிட்டது. துணி காயப்போடும் மொட்டைமாடியில் வரிசையாகக் காகித டீ கப்புகள்; ஒவ்வொன்றிலும் ஒரு நாற்று. உப்புக் கரைசல் கலந்து கொடுப்பது இளவரசியின் அறைத்தோழி நூர்ஜஹான், வேதியியல். சமையல்காரர் தன் உப்பு குறைகிறதோ என்று சந்தேகப்பட்டார். இது ஆய்வுக்கூடத்து உப்பு என்று நூர்ஜஹான் விளக்கிய பிறகு இன்னும் அதிகமாகச் சந்தேகப்பட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இளவரசியின் அப்பா வந்தார். ஆண்கள் மாடி ஏறக் கூடாது என்பதால் நாற்று கீழே இறங்கி வந்தது. அவர் ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர். இப்போது குத்தகைக்குப் பயிர் வைக்கிறார். கடைசிப் பருவ ஆய்வைச் செய்ய பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடம் இளவரசியைக் கூப்பிட்டிருக்கிறது, தையில் போக வேண்டும் என்று சொன்னேன். பாதுகாப்பைப் பற்றி நிறையக் கேட்டுவிட்டுச் சம்மதித்தார். கிளம்பும்போது மகளைப் பார்த்துச் சிரித்தார். "நாத்து நட வேண்டாம்னுதான் பாப்பாவப் படிக்க வெச்சேன் டீச்சர். இங்க வந்து டீ கப்புல நட்டுக்கிட்டு நிக்குது."

விசாரணை

தீபாவளி கழிந்தால் எனக்குப் போன்கள் வரத் தொடங்கும். மாப்பிள்ளை வீட்டார். உங்களிடம் படிக்கிற இன்ன பெண் எப்படி என்று கேட்பார்கள். ஆரம்பத்தில் நான் மதிப்பெண்களைச் சொல்வேன். விளம்பரம் முடியட்டும் என்று டிவி முன்னால் காத்திருப்பதைப் போலக் காத்திருந்துவிட்டு, போன் அதிகம் பேசுமா, ஊருக்குத் தனியாக பஸ் ஏறிப் போகுமா என்று விஷயத்துக்கு வருவார்கள். ஓர் அம்மாள் அதற்குக்கூட நேரம் கொடுக்கவில்லை. "மார்க்கெல்லாம் இருக்கட்டும் மேடம், கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவீங்க?" ஆறரை என்றேன். "அப்பச் சரி. மத்தத நாங்க பாத்துக்கறோம்."

என் எதிர்ப்பிரசாரம்

இளவரசியைப் பற்றியும் ஒரு போன் வந்தது. மாப்பிள்ளை சிங்கப்பூரில், பேசியது அவருடைய அத்தை. பெங்களூர் வாய்ப்பு கெட்டுவிடக் கூடாதே என்று, பொய் சொல்லாமல் இந்தச் சம்பந்தத்தைக் கலைக்கப் பார்த்தேன். பேராசிரியர்களையே மடக்கிக் கேள்வி கேட்பாள், விடுமுறையிலும் ஆய்வுக்கூடம்தான், சமையல் தெரியாது, சாப்பிடவே மறந்துவிடுவாள், தையில் பெங்களூர் போகிறாள் என்று அடுக்கினேன். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அத்தை சொன்னார்: "எங்களுக்கும் இப்படிக் கெட்டிக்காரிதான் வேணும் மேடம். நாளைக்குப் பிள்ளைங்களுக்கு டியூஷன் செலவு மிச்சம்."

லீவு

தையில் கல்யாணம் என்று முடிவானது. மாப்பிள்ளைக்கு அப்போதுதான் லீவாம். இளவரசியின் அப்பாவுக்குப் போன் செய்தேன். வைகாசிக்குத் தள்ளிவைக்கலாமே, அதற்குள் ஆய்வு முடிந்துவிடுமே என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். கல்யாணத்துக்கு அப்புறம் படிக்கட்டும் என்று மாப்பிள்ளை வீட்டாரே பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்கள் என்றார். சிங்கப்பூரில் நாற்று ஏது என்று நான் கேட்கவில்லை. அவர் தன் மகளுக்குக் கெடுதல் நினைக்கிற மனிதர் அல்ல. அடுத்ததையும் நன்றியோடுதான் சொன்னார்: "நீங்க பாப்பாவப் பத்தி அவ்வளவு ஒசத்தியாச் சொன்னீங்களாமே. உங்க வார்த்தைய வெச்சுத்தான் டீச்சர் நான் சரின்னேன்."

மொட்டைமாடியில்

பெட்டியை எடுத்துப்போக வந்த இளவரசி, முதலில் மாடிக்குத்தான் போனாள். வீட்டில் சண்டை போட்டிருக்கிறாள், சாப்பிடாமல் கிடந்திருக்கிறாள். எதுவும் பலிக்கவில்லை. எந்தக் கப்புக்கு எவ்வளவு உப்பு என்று நூர்ஜஹானுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினாள். நூர்ஜஹான் அழுதாள், இவள் அழவில்லை. கடைசி வரிசையில் ஒரு நாற்றின் மஞ்சள் நுனியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "இன்னும் ரெண்டு வாரம் இருந்தா எது நிக்கும், எது சாயும்னு தெரிஞ்சிருக்கும் மேடம்."

புதுச் சேர்க்கை

சேர்க்கை சமயத்தில் ஓர் அம்மா மகளோடு வந்து, எங்கள் மாடியிலேயே இடம் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். மகள் இயற்பியல். எனக்குச் சந்தோஷம். கூடிப் படிப்பது, ஒருவருக்கொருவர் சொல்லித்தருவது என்று உற்சாகமாக விளக்கத் தொடங்கினேன். அந்த அம்மா தலையாட்டினார். "கேள்விப்பட்டோம் மேடம். இந்த மாடிப் பொண்ணுங்களுக்கெல்லாம் சட்டுனு நல்ல இடம் அமையுதாமே."

கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டை நனையாமல் தார்ப்பாய் போட்டுக் காக்கிறவருக்கும் எனக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான்: யாருக்காகக் காக்கிறோம் என்பது அவருக்கு முதல் நாளே தெரியும்.