மந்திரித்த வண்டி

வண்டியின் பானெட்டைத்தான் கிளெமென்ட் முதலில் தொடுவார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவது போலப் புறங்கையால் ஒரு தொடல். சில்லென்று இருந்தால்தான் அடுத்த வேலை. போன மாதம் ஒயிட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், காலை ஏழு மணிக்கு, அப்படித் தொட்டவர் உடனே நிமிர்ந்துவிட்டார்.

"யாரோ காலைலயே ஸ்டார்ட் பண்ணியிருக்கீங்க. நாளைக்கு வரேன்."

விற்கிறவர் பல்லைக் காட்டினார். "கழுவறதுக்காக ஸ்வல்ப, கொஞ்சூண்டு நகர்த்தினேன் சார், அவ்வளவுதான்."

"நகர்த்தினதுக்கு இவ்வளவு சுடாது குரு" என்று சொல்லிவிட்டு, நீட்டிய காப்பியைத் திரும்பியும் பாராமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். மறுநாள் அதே நேரத்துக்கு இரண்டு பஸ் மாறி மறுபடி போனார். வாங்க இருந்தவருக்கு அந்த வண்டியை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மூன்று நிமிடம்தான் ஆயிற்று.

பழைய கார் வாங்குகிறவர்களுக்காக வண்டியைப் பார்த்துச் சொல்வதுதான் அவர் தொழில். ஜீவனஹள்ளியில் இருபத்தைந்து வருடம் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். முதுகெலும்பில் ஆபரேஷன் ஆன பிறகு குனிந்து நிமிர்கிற வேலை முடியாமல் போக, ஷெட்டை விட்டுவிட்டு விவேக் நகர் வீட்டோடு வந்துவிட்டார். கைக்குப் பதிலாக இப்போது மூக்கும் காதும் வேலை செய்கின்றன. இன்ஜின் ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். தெரியாதவர்கள் ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றியதும் உண்டு.

"வண்டி குடிக்குதான்னு விக்கறவன்கிட்ட கேக்காதீங்க. ராத்திரி பூரா தூங்க விட்டு, காலைல எழுப்பிப் பாருங்க. வாயத் திறந்ததும் வாடை வந்துடும்." குடிப்பது என்று அவர் சொல்வது இன்ஜின் ஆயிலை. தேய்ந்துபோன இன்ஜின், உள்ளே ஊற்றிய ஆயிலையும் சேர்த்து எரித்துப் புகையாக விட்டுவிடும். கெட்டி ஆயிலை ஊற்றிச் சூடாக்கி வைத்தால் ஒரு மணி நேரம் யோக்கியனாக நடிக்கும். அதனால்தான் பானெட்டைத் தொட்டுப் பார்க்கிறார். சைலன்சர் வாயில் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்து அதில் விழும் கறையையும் பார்ப்பார். அந்தக் கைக்குட்டைகளை அவர் மனைவி ஐரின் தனி வாளியில், தனிப் புலம்பலோடு துவைக்கிறார்.

ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குறைந்தால் அது நார்மல்தானாமே என்று யாராவது சொன்னால் கிளெமென்ட்டுக்குச் சிரிப்பு வந்துவிடும். "தெனம் ஒரு குவார்ட்டர் அடிக்கறவனும் அப்படித்தான் சொல்றான். அவன் பொண்டாட்டிகிட்ட கேளுங்க, நார்மலான்னு."

இப்படி ஊருக்கெல்லாம் சட்டம் பேசுகிற மனிதர், சனிக்கிழமையானால் ஒரு லிட்டர் ஆயில் டப்பாவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஜீவனஹள்ளிக்கு பஸ் ஏறுவார். அங்கே அமல் என்கிற டாக்ஸி டிரைவரின் வீட்டு வாசலில் வண்டியின் மூடியைத் திறந்து, குறைந்த ஆயிலை ஊற்றி நிரப்பிவிட்டுத் திரும்புவார். மூன்று வருடமாக ஒரு சனிக்கிழமை தப்பியதில்லை. பாசம் என்று தெருவில் நினைக்கிறார்கள். பாசமும் உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது.

அமலின் அப்பா அதே ஷெட்டில் கிளெமென்ட்டோடு வேலை பார்த்தவர். அவர் காலமான பிறகு அமல் பீன்யாவில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். கம்பெனியில் ஆள் குறைத்தபோது, சொந்தமாக ஒரு மஞ்சள் போர்டு டாக்ஸி வாங்கிவிடலாம் என்று துணிந்தான். ஒரு புரோக்கர் மூலம் வெள்ளை வண்டி ஒன்று அமைந்தது. வண்டி எடுத்தால் நேரே விவேக் நகர் குழந்தை இயேசு கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்துவிட்டுத்தான் வீட்டுக்கு ஓட்டுவது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அன்று அந்தக் கோயிலுக்கு விசேஷமான வியாழக்கிழமை வேறு. புரோக்கர் நகரின் அந்தக் கோடியிலிருந்து வண்டியைக் கோயில் வாசலுக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"அங்கிள், பக்கத்துலதானே இருக்கீங்க, ஒரு தடவ வந்து பாத்துடுங்க" என்று அமல் போன் செய்தான்.

கிளெமென்ட் போனபோது வண்டிக்கு மாலை போட்டாகிவிட்டது. கண்ணாடியில் ஜெபமாலை தொங்கியது. அமலின் மனைவி அனுஷா கைக்குழந்தையோடு புதுப் புடவையில் நின்றாள். அவன் அம்மா, போன மனிதரை நினைத்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். முன்னால் இரண்டு ஸ்கூட்டர்கள். அவை முடிந்தால் இவர்கள் முறை. பானெட் அனலாய்க் கொதித்தது. பார்க்காமலே போயிருக்கலாம். ஆனால் கை சும்மா இருக்காதே! ஓடும் இன்ஜினின் ஆயில் மூடியைத் திருகி, துவாரத்தின் மேல் சும்மா வைத்தார். மூடி, கொதிக்கிற பானையின் தட்டு மாதிரி எழும்பி எழும்பிக் குதித்தது. ஓரத்தில் நீலமாகப் புகை கசிந்தது. பிஸ்டன் ரிங் தேய்ந்து, ஆயில் குடிக்கிற இன்ஜின். இதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை.

புரோக்கர் வானத்தைப் பார்த்தார். பின்னால் ஆட்டோ ஹாரன் அடித்தது. தீர்த்தச் செம்போடு ஃபாதர் வந்து, "ஆயிடுச்சா?" என்று புன்னகையோடு நின்றார். அத்தனை பேர் முகமும் கிளெமென்ட்டையே பார்த்தது. மாலை போட்டு, சாமி முன்னால் நிற்கிற வண்டியில் நொட்டை சொல்வதா? அந்த நேரத்துக்கு அவருக்கு அது அபசகுனமாகத்தான் பட்டது. மூடியைத் திருகி இறுக்கினார்.

"நல்ல வண்டி. எடுத்துக்கோ."

தீர்த்தம் தெளித்தபோது அவர் மேலும் நாலு துளி பட்டது.

இரண்டாவது மாதமே வண்டி தன் குணத்தைக் காட்டியது. ஏர்போர்ட் சவாரியில் ஏற்றத்தில் மிதித்தால் பின்னால் நீலப் புகை. அமல் ஓடி வந்தான். கிளெமென்ட் வாயைத் திறக்கும் முன்பே அவனே சொன்னான்: "என் தப்புதான் அங்கிள். முதல் மாசம் ஆயில் மாத்த வேண்டியது, சவாரி நெறைய இருந்துச்சுன்னு தள்ளிப் போட்டேன். நீங்க நல்ல வண்டியா பாத்துக் குடுத்தீங்க, நான் கெடுத்துட்டேன்."

அங்கேயே சொல்லியிருக்கலாம். 'ஒரு தடவை ஆயில் மாற்றாததால் இப்படி ஆகாதுடா' என்று ஒரே வரிதான். கிளெமென்ட், "பரவால்ல, பாத்துக்கலாம்" என்றார். அன்று ஆரம்பித்தது இந்தச் சனிக்கிழமை ஆயில். "எங்க அப்பாகூட இப்படி வாரா வாரம் வரமாட்டாரு அங்கிள்" என்று அனுஷா சொல்லிக்கொண்டே டீ கொண்டுவந்து வைப்பாள். அந்த டீயை அவர் ஆற விட்டுக் கடைசியில்தான் எடுப்பார். குடித்துவிட்டுத்தான் வருவார். வேறென்ன செய்வது?

ஐரினுக்கு மட்டும் விஷயம் தெரியும். "சொல்லித் தொலைங்களேன். அந்தப் புள்ள தன் மேலயே பழி போட்டுக்கிட்டு அலையுது." "அடுத்த வாரம் சொல்றேன்." மூன்று வருடத்தில் எத்தனை அடுத்த வாரங்கள்! வெளியே வண்டி பார்ப்பதில் அவர் கறாராகிக்கொண்டே போனதற்கும் காரணம் இதுதான் என்று ஐரின் சொல்கிறார். சூடான இன்ஜினைப் பார்க்கவே மாட்டேன் என்கிற பிடிவாதம் அதற்கு முன்னால் அவரிடம் இருந்ததில்லையாம்.

இந்த மாதம் அமல் வண்டியை விற்க முடிவு செய்தான். சனிக்கிழமை ஆயில் போதாமல் வார நடுவிலும் அவனே வாங்கி ஊற்றி மாளவில்லை. திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து, இங்கே மாற்று டிரைவராக ஓட்டிக்கொண்டிருக்கும் ராஜேஷ்குமார் என்பவர் வாங்க வந்தார். முதல் சொந்த வண்டி. ஞாயிற்றுக்கிழமை காலையில் அமல், கெட்டி ஆயில் ஊற்றி, ரிங் ரோட்டில் ஒரு சுற்றுப் போய், இன்ஜினைச் சூடாக்கிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தான். முந்தின நாள் ஆயிலோடு வந்த கிளெமென்ட்டிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தான்.

"உங்க பேர் சொன்னா மறு பேச்சு இல்ல அங்கிள். எனக்குச் சொன்ன மாதிரியே அவருக்கும் ஒரு வார்த்த சொல்லிடுங்க, போதும்."

அதில் குத்தல் எதுவும் இல்லை. மனசார நம்பித்தான் கேட்டான். ராத்திரி முழுக்க கிளெமென்ட் புரண்டுகொண்டே கிடந்ததாக ஐரின் சொன்னார்.

ராஜேஷ்குமார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "எனக்கு இன்ஜினப் பத்தி அவ்வளவா தெரியாதுங்கய்யா. நீங்க சரின்னா சரி. நாளைக்கே பூஜை போட்டுடுவேன்."

கிளெமென்ட் இன்ஜினை ஓட விட்டு, ஆயில் மூடியைத் திருகி எடுத்து, துவாரத்தின் மேல் வைத்தார். "கிட்ட வந்து பாருங்க" என்றார். மூடி குதித்தது.

"இது இப்படிக் குதிக்கக் கூடாது. ரிங் போயிடுச்சு, ஆயில் குடிக்கும். எடுக்காதீங்க தம்பி."

அமலுக்கு முகம் செத்துப்போயிற்று. "அங்கிள்... நான் அன்னிக்கு ஆயில் மாத்தாம விட்டதாலதானே..."

"உன்னால இல்ல அமல்." கிளெமென்ட் மூடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கோயில் வாசல்ல நான் தொறந்தப்பவே இது இப்படித்தான் குதிச்சுது. பாத்தேன். எல்லாரும் நிக்கறாங்கன்னு சொல்லாம விட்டுட்டேன். தப்பு என் மேல."

ராஜேஷ்குமார் நிலைமையைப் புரிந்துகொண்டு, கும்பிட்டுவிட்டு, பைக்கைத் தள்ளிக்கொண்டு போய்த் தெருமுனையில்தான் ஸ்டார்ட் செய்தார். அமல் இன்ஜினை நிறுத்தினான். பானெட்டை இறக்கி, இரண்டு கையாலும் அழுத்தி மூடினான். உள்ளேயிருந்து அனுஷா, "என்னாச்சு, முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"மூணு வருஷம்" என்றான் அமல். "அனுஷா என்னத் திட்டுனப்பெல்லாம் வாங்கிக்கிட்டேன். எங்கம்மா சாகறப்பவும், வண்டியக் கெடுத்துட்டேன்னு அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன்."

கிளெமென்ட், பழக்க தோஷத்தில் கொண்டுவந்திருந்த காலிப் பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் திரும்பினார்.

"இருங்க. வீட்டுல விட்டுடறேன்" என்றான் அமல்.

அது போதும் என்று இருந்தது அவருக்கு. கண் கலங்க வண்டிக்கு வந்து, முன்கதவின் கைப்பிடியில் கை வைத்தார். அமல் கொண்டு விடும்போதெல்லாம் அவர் உட்காருவது அங்கேதான். அமல் சுற்றி வந்தான். அவர் முகத்தைப் பார்க்காமல், பயணிகளுக்குத் திறப்பது போலப் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.