சென்டரின் முழங்காலும் அந்தோனியார் எண்ணெயும்

கூடைப்பந்தில் சென்டர் என்றால் கூடைக்குக் கீழே நின்று இடி வாங்குகிற உத்தியோகம். சென்டரின் அம்மா என்றால் அதே இடியைக் கதிரையில் இருந்தபடி வாங்குகிற உத்தியோகம். பிள்ளைகள் வளர்ந்தால் கவலை குறையும் என்று நம்பி ஏமாந்த தாய்மாரே, நீங்களும் நானும் ஒரே கட்சி.

என் இளைய மகள் ஷெரின் ஆறடி மூன்று அங்குலம். ஜெர்மனியில் சம்பளத்துக்கு விளையாடுகிறவள். போன இலையுதிர் காலத்தில் முழங்கால் சவ்வு கிழிந்து, ஒப்பரேஷன் செய்து, நோர்வேயில், ஒஸ்லோவின் ஓரத்து மோர்டென்ஸ்ருட்டில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கால் பழையபடி தாங்கினால்தான் புது ஒப்பந்தம் என்று கிளப் சொல்லிவிட்டது. அவளுக்கு விளையாட்டை விட்டால் வேறு ஆசை இல்லை. எனக்குச் செபத்தை விட்டால் வேறு வைத்தியம் தெரியாது.

நட்சத்திரம்

நத்தாருக்கு முந்தின ஞாயிறு. பிள்ளை இரண்டு ஊன்றுகோலோடு தமிழ்ப் பூசைக்கு வந்தாள். மண்டபத்தில் பாலன் குடில் கட்டிக்கொண்டிருந்த பெண்கள் அதுவரை ஏணி தேடிக்கொண்டிருந்தார்கள். இவளைக் கண்டதும் ஏணியை மறந்துவிட்டார்கள்.

குடில் வேலைக்குத் தலைவியான மேரி அக்கா வந்து, கடதாசி நட்சத்திரத்தை அவள் கையில் வைத்தார். "அக்கா, பிள்ளைக்கு ஒப்பரேஷன் எல்லோ?" என்று நான் பதறினேன். அவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. "காலிலைதானே ஒப்பரேஷன், கையிலை இல்லையே! கட்டு பிள்ளை, கொஞ்சம் இடப்பக்கமா."

தலையணை

பங்குனியில் ஊன்றுகோல் போய்விட்டது. கூடைக்குக் கீழே முதுகு காட்டி நிற்கிற சென்டரைப் பின்னால் இருந்து தள்ளுவார்களாம். அதைத் தாங்கிப் பழக வேண்டும் என்று பிசியோதெரபி செய்கிற பெண் சொன்னார். தள்ள ஆள் வேண்டுமே! ஷெரினின் அப்பா வேலைக்குப் போய்விடுவார். வீட்டில் இருப்பது நான்தான், ஐந்தடி.

ஷெரின் முழங்காலை மடித்து வரவேற்பறை நடுவில் நிற்பாள். நான் தலையணையை அவள் இடுப்பில் வைத்து, மாதாவே, இந்தச் சவ்வு திரும்பக் கிழியக் கூடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு தள்ளுவேன். மூன்றாம் நாள் அவள் பொறுமை இழந்து திரும்பினாள். "அம்மா, நீங்கள் தள்ளுறியளோ, ஆசீர்வாதம் குடுக்கிறியளோ?"

எண்ணெய்

ஆவணியில் ஜெர்மன் கோச் நேரிலே பார்க்க ஒஸ்லோ வந்தார். ஷெரின் சின்னப் பிள்ளையாக ஆடத் தொடங்கிய பழைய கழகத்தோடு ஒரு பயிற்சி ஆட்டம். உடுப்பு மாற்றுகிற அறை வாசலில் அவளை மறித்து, அந்தோனியார் திருநாளில் பங்குச் சுவாமியார் மந்திரித்துத் தந்த எண்ணெயை முழங்காலில் பூசினேன். சிக்கனமாகப் பூசினால் புனிதர் என்ன நினைப்பார்? அரைப் போத்தல் போய்விட்டது. வழிந்ததை அவள் கையால் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

முதல் பந்து அவள் கையில் பட்டு வழுக்கியது. இரண்டாவதும் வழுக்கியது. கோச் கொப்பியைக் கையில் எடுத்தார். கை துடைக்கிற ஈரக் கடதாசிப் பக்கெற்றோடு நான் படியிறங்கி ஓடினேன். பந்து எறிந்த நொர்வேஜியப் பெண் ஷெரினின் கையை மணந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உன்ரை அம்மா உன்னை விளையாட அனுப்பினவவோ, பொரிக்க அனுப்பினவவோ?"

விழுந்தது

கை துடைத்த பிறகு பந்து ஒட்டியது. பிள்ளை பாய்ந்து பாய்ந்து பிடித்தாள். ஆட்டத்தின் மூன்றாவது கால்வாசியில் எதிர்ப்பக்கத்துப் பெண்ணோடு மோதி, ஒப்பரேஷன் செய்த அதே பக்கமாக விழுந்தாள். என் செபமாலை எந்த மணியில் நின்றதோ, கடவுளுக்குத்தான் தெரியும். அவள் ஒரு கணம் கிடந்தாள். பிறகு தானாக எழும்பி, சிரித்தபடி, எல்லோருக்கும் முன்னால் ஓடினாள். நான் அழுதேன். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணும் என்னோடு சேர்ந்து அழுதார்.

ஆட்டம் முடிய நான் கோச்சிடம் போய், எண்ணெய் என் குற்றம், பிள்ளையின் குற்றமில்லை என்று ஒப்புக்கொண்டேன். ஷெரின் வெட்கப்பட்டுக்கொண்டே மொழிபெயர்த்தாள். அவர் சொன்னதையும் அவள்தான் எனக்குச் சொன்னாள்: "பந்து வழுக்கினதை எழுதேல்லையாம் அம்மா. விழுந்தவள் ஒருத்தற்றை கையையும் பிடிக்காமல் எழும்பினதைத்தான் எழுதினவராம். ஒப்பந்தம் ரெண்டு வருசத்துக்காம்!"

மேலே இருக்கிற ஆண்டவரையும் மேலே மேலே வளர்ந்த மகளையும் அண்ணாந்து பார்த்தே காலம் தள்ளுகிற தாய்க்குக் கடைசியில் மிஞ்சுவது நிறைந்த நன்றியும் தீராத கழுத்து நோவும்தான்.