எழுதிக் கொடுத்த அபிப்பிராயம்

ஒரு புத்தகம் ஏன் பிடித்தது என்று ஒரு பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். எங்கள் ஊர்ப் பிள்ளையாக இருந்தால் உடனே எழுந்து, கைகட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டு, “அவையோருக்கு என் பணிவான வணக்கம்” என்று தொடங்கும். அறையில் இருந்தது நானும் பதினான்கு பிள்ளைகளும்தான். மூலையில் திருவிழாவுக்கு வாங்கிப் போட்டிருந்த இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளையும் சேர்த்துக்கொண்டால்கூட அதை அவை என்று சொல்ல முடியாது. முதல் சனிக்கிழமையே எனக்குத் தலைவலி வந்துவிட்டது.

குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது. நான் பி.எட். முடித்து, அரசுத் தேர்வு எழுதிவிட்டு, முடிவு வரட்டும் என்று வீட்டில் இருந்த காலம் அது. வீட்டில் இருக்கும் பெண்ணிடம் ஊர் கேட்பது இரண்டே கேள்வி. வேலை எப்போது, கல்யாணம் எப்போது. இந்த இரண்டிலிருந்தும் வாரத்தில் ஒரு மத்தியானமாவது தப்பிக்கலாம் என்றுதான் எங்கள் ஊர்ச் சர்ச்சின் பங்குத்தந்தையிடம் போனேன். சனிக்கிழமைகளில் மறைக்கல்வி அறையைத் தந்தால், பிள்ளைகளைக் கதைப் புத்தகம் வாசிக்க வைத்து, வாசித்ததைப் பற்றிப் பேச வைக்கிறேன் என்றேன். அவர் யோசிக்கவேயில்லை, சாவியைக் கையில் தந்துவிட்டார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன் என்பது பிறகுதான் புரிந்தது.

எங்கள் பிள்ளைகள் வாசிக்காத பிள்ளைகள் இல்லை. அதுதான் வினையே. சின்ன வயதிலிருந்தே விவிலிய வினாடி வினாவுக்குப் படித்துப் படித்து, எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் வினாடி வினாவுக்குப் படிப்பது போலவே படித்தார்கள். முயல் கதையைக் கொடுத்து “எப்படிடே இருந்துச்சு?” என்று கேட்டால், ஒரு பையன் “முயல்ங்கிற சொல்லு நாப்பத்தியாறு இடத்துல வருகு அக்கா” என்கிறான். எண்ணியிருக்கிறான்! பக்கத்தில் இருந்தவள் விடவில்லை. “தலைப்பையும் சேத்தா நாப்பத்தியேழு” என்றாள். இருவரும் சண்டை பிடித்தார்கள். முயலுக்கு என்ன ஆயிற்று என்பதைப் பற்றி இரண்டு பேருக்கும் கவலையே இல்லை.

இன்னொரு நாள், பிடித்த பகுதியை வாசித்துக் காட்டச் சொன்னேன். ஒரு சிறுமி ஒரு குரங்கு மாங்காய் திருடிய பத்தியை ராகமாக வாசித்து முடித்துத் தலை குனிந்தாள். மீதிப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் “இறைவா உமக்கு நன்றி” என்றார்கள். பூசையில் வாசகம் முடிந்தால் சொல்லும் பதில் அது. வாய்ப்பழக்கம், நாக்கு தானாகப் போய்விட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

குறை சொல்லச் சொன்னால் அதைவிட மோசம். “எல்லாம் பிடிச்சுது அக்கா.” எல்லாம் என்றால்? “ஒக்க.” எங்கள் ஊரில் அதற்கும் எல்லாம் என்றுதான் அர்த்தம். பிடிக்காதது ஒன்றுகூடவா இல்லை? ஆளாளுக்குப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார்கள். ஒரு நாள் நான்காம் வகுப்புக்காரி ஒருத்தி மெல்ல என் பக்கத்தில் வந்து, “அக்கா, புத்தகத்த குறை சொன்னா பாவசங்கீர்த்தனத்துல சாமியாருட்ட சொல்லணுமா?” என்று கேட்டாள். அச்சில் வந்ததெல்லாம் வேதம் என்று நினைத்திருக்கிறது அந்தப் பிள்ளை. அவளைக் கோபித்துக்கொள்ள முடியுமா? அவளுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தவர்கள் மேல் வந்த கோபத்தை எல்லாம் கரும்பலகை துடைப்பதில் காட்டினேன்.

இரண்டு மாதம் இப்படியே போயிற்று. “எழுதிக் குடுத்தத ஒப்பிக்காதீங்க. கிளிப்பிள்ளை மாதிரி பேசாதீங்க. உங்களுக்கு என்ன தோணுச்சோ அதச் சொல்லுங்க” என்று வாராவாரம் தொண்டை வறளக் கத்தினேன். அவர்கள் தலையாட்டுவார்கள். அடுத்த வாரமும் அம்மா எழுதிக் கொடுத்த தாளோடு வந்து நிற்பார்கள்.

பிறகு ஒரு சனிக்கிழமை அது நடந்தது. எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி, அதுவரை கடைசி வரிசையில் வாயே திறக்காதவள், எழுந்தாள். கையில் தாள் இல்லை. அவள் வைத்திருந்தது, காணாமல் போன அப்பாவைத் தேடித் தனியாகக் கடலுக்குப் போகும் ஒரு பையனின் கதை.

“அக்கா, இந்தக் கதை எழுதுனவரு கடலுக்கே போயிருக்க மாட்டாரு” என்றாள்.

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். “ஏன் அப்பிடிச் சொல்லுக?” என்றேன்.

“இந்தப் பய மூணு நாளு வள்ளத்துல கெடக்கான். ஒரு நேரம்கூட வாந்தி எடுக்கல்ல. எங்க அண்ணன் முதல் தடவ போனப்போ கொடலே வெளிய வந்துரும் போல எடுத்தான்.”

அறை வெடித்துச் சிரித்தது. கடற்கரைப் பிள்ளைகள் அல்லவா, ஆளாளுக்கு அண்ணன் வாந்தியும் மாமன் வாந்தியும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். சத்தம் போட்டு அடக்கிவிட்டு, “அப்ப உனக்குப் பிடிக்கல்ல?” என்று கேட்டேன்.

“பிடிக்கும் அக்கா. ஏழு தடவ படிச்சேன்.”

“குறையும் சொல்லிட்டு ஏழு தடவையும் படிச்சிருக்க. அது என்னட்டி?”

அவள் புத்தகத்தின் அட்டையைத் தடவினாள். “அந்தப் பயலுக்க அம்மைக்காக அக்கா. அவன் போன மூணு நாளும் அம்மை என்ன செஞ்சாங்கன்னு ஒரு வரிகூட இல்ல. அவன் வந்த பிறகு ஓடி வந்து கட்டிப் பிடிச்சாங்கன்னு போட்டு முடிச்சிட்டாரு. எங்கப்பா கல்ஃபுக்குப் போறதுக்கு முன்ன இஞ்ச கடல் தொழிலுக்குப் போவாங்கல்லா, வள்ளம் வர ஒரு நாளு பிந்துனா எங்கம்மை கழுவுன பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவிட்டு இருப்பாங்க. ஆரு விளிச்சாலும் வாய் திறந்து மிண்ட மாட்டாங்க. இந்த அம்மையும் அப்பிடித்தான இருந்திருப்பாங்க? அந்த இடம் வரும்போ நான் படிக்கத நிறுத்திட்டு, அம்மை பாத்திரம் கழுவுகத நானே நெனச்சுக்கிடுவேன். அதுக்காகத்தான் திரும்பத் திரும்பப் படிக்கேன்.”

யாரும் சிரிக்கவில்லை. நான் பி.எட். படித்த இரண்டு வருடத்திலும் ஒரு புத்தகத்தைப் பற்றி இப்படி ஒருவர் பேசிக் கேட்டதில்லை. எழுந்து கைதட்டினேன். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டு பேர் கல்யாணம் எப்போது என்று கேட்டார்கள், இரண்டு பேருக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னேன்.

அதன் பிறகு மூன்று வாரம் அந்த அறையில் நடந்ததை என்னவென்று சொல்வது! ஒருத்திக்கு வாய் திறந்ததும் எல்லாருக்கும் திறந்துவிட்டது. பாவசங்கீர்த்தனம் பற்றிக் கேட்டவள் தனக்குப் பிடித்தது கடைசிப் பக்கம் கிழிந்த புத்தகம்தான் என்றாள். “நரி செத்துச்சா இல்லியான்னு தெரியாது. எனக்கு அது சாகல்ல.” முயலை எண்ணியவன், முயல் கதையில் அந்த முயல் ஒரு சரியான கஞ்சன் என்று கண்டுபிடித்து வந்தான். இரைச்சல் தாங்காமல் பங்குத்தந்தையே ஒரு நாள் எட்டிப் பார்த்தார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கடைசி வரிசைப் பெண்ணின் அப்பா இரண்டு மாத விடுமுறையில் கல்ஃபிலிருந்து வந்தார். அங்கே மீன்பிடிப் படகில் வேலை அவருக்கு. ஒரு நாள் சாயங்காலம் என்னைப் பார்க்க வீட்டுக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர், நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

“மக்கா, தப்பா எடுக்கப்பிடாது. மோளுக்கு கணக்குல மார்க்கு குறவு. சனிக்கிழமைக்கு டியூஷன் சொல்லி வச்சிருக்கேன். கதை படிச்சா என்ன கிட்டும்?”

நான் என்னென்னவோ சொன்னேன். சிந்தனை வளரும், மொழி வளரும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், “செரி. திருவிழாவுக்கு புத்தகத்தப் பத்தி பேச்சுப் போட்டி உண்டும்லா? அதுல ஒரு பரிசு வாங்கட்டும். வாங்குனா அனுப்புகேன். இல்லன்னா டியூஷன்” என்றார். அதில் என்ன குறை சொல்ல முடியும்? வருடத்தில் பத்து மாதம் வெயிலில் வேகிறவர், பிள்ளைக்கு ஏதாவது கிடைக்கிறதா என்று கேட்கத்தானே செய்வார்.

அந்தப் போட்டியை எனக்குத் தெரியும். தலைப்பு ‘எனக்குப் பிடித்த புத்தகம்’. நேரம் மூன்று நிமிடம். நடுவர்கள் இரண்டு பேர், கருத்துக்கு இத்தனை, குரல் ஏற்ற இறக்கத்துக்கு இத்தனை, நீதிக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார்கள். முந்தின வருடம் ஒரு பையன் தனக்குத் தோன்றியதை மேடையில் சொல்லப் போய், ஒரு நிமிடத்திலேயே “போதும் தம்பி” என்று இறக்கிவிட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை எல்லாரும் போன பிறகு அவளை இருக்கச் சொன்னேன். அவள் போட்டிக்கென்று நோட்டில் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். வாந்தி இருந்தது. பாத்திரம் கழுவுவது இருந்தது. கழுவிய பாத்திரத்தில் அம்மையின் முகம் தெரியும், அம்மை அதைப் பார்க்க மாட்டார் என்று புதிதாக ஒரு வரியும் சேர்த்திருந்தாள். நான் அதை வாசித்தேன். நல்ல வரி என்று தெரிந்தது. தெரிந்துகொண்டேதான் சிவப்புப் பேனாவை எடுத்து இரண்டு பக்கத்திலும் குறுக்கே கோடு போட்டேன்.

“அப்ப அம்மைக்க காரியம் வேண்டாமா அக்கா?”

“அது பரிசுக்கு உதவாது மக்கா.”

அவள் நோட்டில் புதுப் பக்கம் புரட்டினாள். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். ‘துணிவே துணை என்பதை இந்நூல் நமக்கு உணர்த்துகிறது. கடலளவு துன்பம் வந்தாலும் மலையளவு தன்னம்பிக்கை இருந்தால் மனிதன் வெல்வான் என்னும் உயரிய கருத்தை இந்நூல் நமக்குப் புகட்டுகிறது.’ எந்தச் சொல்லில் கையை உயர்த்த வேண்டும், எங்கே நிறுத்தி மக்களைப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். ஒரு வாரம் தினமும் வரவழைத்து ஒப்பிக்க வைத்தேன். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது நான்தான். ஆனால் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இன்றைக்கும் எனக்குள்ளேயே வாதாடிக்கொண்டுதான் இருக்கிறேன். இருந்த பதினான்கில் வாய் திறந்த முதல் பிள்ளை அவள். அவளை விட மனம் வரவில்லை.

திருவிழா மேடையில் ஒரு சொல் பிசகாமல் பேசினாள். அப்பா வெள்ளைச் சட்டையில் கடைசியில் நின்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மை முன்வரிசையில் மணலில் உட்கார்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கோடு போட்டு அடித்த இரண்டு பக்கமும் இந்த அம்மையைப் பற்றியதுதான் என்பது அப்போது எனக்கு உறைக்கவேயில்லை. நிமிடக் கணக்கிலேயே குறியாக இருந்தேன். முதல் பரிசு அவளுக்குத்தான், ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர். அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, “இனி ஒரு தடையும் சொல்ல மாட்டேன் மக்கா. எல்லாச் சனியும் வருவா” என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பொய் சொல்லக் கூடாது, ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

சொன்னபடி அவர் அனுப்பினார். அவள் வந்தாள். இப்போது கடைசி வரிசையில் இல்லை, முன்வரிசை. பரிசு வாங்கியவள் என்று மற்றப் பிள்ளைகள் இடம் விட்டுக் கொடுத்தார்கள். நான் அவளுக்கென்றே தேடி வைத்திருந்த புத்தகம் ஒன்றைக் கொடுத்தேன். காட்டில் வழி தவறிய யானைக்குட்டியின் கதை. அதிலும் சொல்லாமல் விட்ட இடங்கள் நிறைய இருந்தன. அவள் எதைக் கேட்பாள், எந்த இடத்தில் நிறுத்துவாள் என்று ஒரு வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறு வாரம் அவள் எழுந்து நோட்டைப் பிரித்தாள். “விடாமுயற்சி இருந்தால் காடளவு துன்பத்தையும் வெல்லலாம் என்னும் உயரிய கருத்தை இந்நூல் நமக்குப் புகட்டுகிறது” என்று வாசித்தாள். ‘காடளவு’ என்ற இடத்தில் கையை உயர்த்தினாள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி எல்லாரையும் பார்த்தாள்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. “ஆருட்டி இதை எழுதித் தந்தா? அம்மையா? பள்ளிக்கூட டீச்சரா? எத்தன தடவ சொல்லியிருக்கேன், எழுதிக் குடுத்தத ஒப்பிக்காதீங்கன்னு!” என்று கத்தினேன். பிள்ளைகள் மிரண்டுபோய் என்னைப் பார்த்தார்கள். அவள் மிரளவில்லை. நோட்டைத் திருப்பி என் பக்கம் நீட்டினாள். அடித்தும் திருத்தியும் அவளுடைய கையெழுத்துதான் இருந்தது.

“ஆரும் எழுதித் தரல்ல அக்கா. ஒரு வாரமா இருந்து நானே எழுதுனேன்” என்றாள். பிறகு, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று ஆசையோடு முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: “நீங்க எழுதுன மாதிரியே இருக்குல்லா?”

இருந்தது. அச்சு அசல் அப்படியே இருந்தது.